மனாசேக்கு இரண்டு தீர்ப்புகள்: யூதாவின் அரசன் ஒருவனை ஏடெழுதியவர்கள் கையாண்ட விதம்

எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா நாட்டை மிக நீண்ட காலம் ஆண்டவன் மனாசே. 12 வயதில் பட்டத்துக்கு வந்து 55 ஆண்டுகள் எருசலேமில் அரசாண்டான் என்று எபிரேய வேதம் சொல்கிறது. அந்த வேதத்திலுள்ள இராஜாக்கள் நூலின்படி அவனைவிடக் கெட்ட அரசன் யூதாவில் இல்லை. பிற்பாடு எருசலேம் அழிந்ததற்கே அவன்தான் காரணம். அதே வேதத்தின் இன்னொரு நூலான நாளாகமத்தின்படி அதே மனாசே சங்கிலியில் கட்டுண்டு பாபிலோனுக்குப் போகிறான், மனம் கசிந்து ஜெபிக்கிறான், சிங்காசனத்துக்குத் திரும்பி வந்து நகரத்துக்கு மதில் கட்டுகிறான்.

இவை இரண்டு தனித்தனிச் சாட்சிகள் அல்ல. நாளாகமத்தை எழுதியவர் இராஜாக்கள் நூலின் ஒரு வடிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார் என்பதில் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். 2 நாளாகமம் 33-ஆம் அதிகாரத்தின் முதல் 10 வசனங்கள் பல இடங்களில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தெழுதியவை. ஆகவே எதை எடுத்தார், எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்பதை வரிவரியாகப் பார்க்க முடிகிறது. மற்ற அரசர்களை விட்டு இந்த வழக்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுவே. இதில் முக்கியமான மனிதர்கள் ஏடெழுதியவர்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் எழுதியது தங்கள் தலைமுறையை உறுத்திய கேள்விக்கான பதில். அந்தப் பதிலுக்கு ஏற்றபடிதான் அரசனின் முகம் தீட்டப்பட்டது.

பின்னணி: கி.மு. 701 முதல் 642 வரை

மனாசேயின் தகப்பன் எசேக்கியா அசீரியாவுக்குக் கப்பம் கட்ட மறுத்தான். கி.மு. 701-இல் அசீரிய அரசன் சனகெரிப் படையெடுத்து வந்தான். யூதாவின் 46 அரண்சூழ்ந்த நகரங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப்போல எருசலேமுக்குள் அடைத்ததாகவும் அவனுடைய கல்வெட்டுகள் சொல்கின்றன. லாகீஸ் நகரம் விழுந்த காட்சியைத் தன் தலைநகரான நினிவேயின் அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான். அந்தச் சிற்பங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. எருசலேம் தப்பியது. ஆனால் யூதாவின் விளைநிலமான மேற்குத் தாழ்வரை கையைவிட்டுப் போயிற்று.

மனாசேயின் ஆட்சியைப் பொதுவாகக் கி.மு. 697 முதல் 642 வரை என்று கணக்கிடுகிறார்கள். முதல் பத்தாண்டு தகப்பனோடு சேர்ந்த இணையாட்சி என்று கொள்வோர் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அவன் கையில் கிடைத்தது பாதி எரிந்த நாடு. மறுபடியும் கலகம் செய்தால் மிச்சமும் போய்விடும் என்ற நிலைமை.

வெளிச்சான்றுகளில் காண்பது

அசீரிய அரசன் எசரத்தோனின் பட்டயம், கி.மு. 673-ஐ ஒட்டியது, நினிவேயில் அரண்மனை கட்ட மரமும் கல்லும் அனுப்பிய 22 அரசர்களை வரிசைப்படுத்துகிறது. தீருவின் அரசனுக்கு அடுத்தபடியாக நிற்பவன் யூதாவின் அரசன் மனாசே. கி.மு. 667-ஐ ஒட்டி எசரத்தோனின் மகன் அசூர்பனிபால் எகிப்தின்மேல் படையெடுத்தபோது துணைநின்ற சிற்றரசர் பட்டியலிலும் அவன் பெயர் உண்டு. இரண்டிலும் அவன் சொன்னதைச் செய்கிற சிற்றரசன். அவன் கலகம் செய்தான், பிடிபட்டான், சிறைவைக்கப்பட்டான் என்று இன்றுவரை கிடைத்த அசீரிய ஆவணம் எதிலும் இல்லை.

தொல்லியலும் இதே திசையைக் காட்டுகிறது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் பெயெர்செபா பள்ளத்தாக்கு, யூதேயப் பாலைவனம் போன்ற வறண்ட விளிம்புகளில் புதிய குடியிருப்புகள் எழுகின்றன. அண்டை நகரான எக்ரோனில் 100-க்கும் மேற்பட்ட ஒலிவ எண்ணெய் ஆலைகள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. அவ்வளவு காய் எக்ரோனின் வயல்களில் மட்டும் விளைந்திருக்காது, யூதாவின் மலைச்சரிவுகளிலிருந்தும் வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அரேபிய வணிகப் பாதை தெற்கே யூதாவின் ஓரமாகப் போயிற்று. இஸ்ரவேல் பின்கெல்ஸ்டைன் போன்ற தொல்லியலாளர்கள் இதை மனாசேயின் மீட்புக்காலம் என்று வாசிக்கிறார்கள். ஆனால் மட்பாண்டத்தை வைத்து ஒரு குடியிருப்பை இன்ன பத்தாண்டுக்கு உரியது என்று குறிக்க முடியாது. ஆகவே இந்த வளர்ச்சி முழுவதையும் ஒரே அரசன் கணக்கில் வரவு வைப்பது அத்துமீறல்.

இனி 2 இராஜாக்கள் 21-ஐத் திறந்தால், 18 வசனங்களில் அசீரியா என்ற சொல்லே இல்லை. கப்பம் இல்லை, வணிகம் இல்லை, ஒரு போர்கூட இல்லை. அரை நூற்றாண்டு நாட்டை ஆட்டிப்படைத்த பேரரசு பக்கத்திலிருந்தே மறைந்துவிட்டது.

முதல் தீர்ப்பு: இராஜாக்கள் நூல்

சட்ட நூலான உபாகமம் முதல் இராஜாக்கள் நூல்வரை ஒரே இறையியலால் கட்டப்பட்ட தொடர் வரலாறு என்று 1943-இல் மார்ட்டின் நோத் காட்டினார். அது, யூதர் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட சிறையிருப்புக் காலத்தில், ஒரே கையால் எழுதப்பட்டது என்பது அவர் கருத்து. பின்னர் பிராங்க் மூர் கிராஸ், மனாசேயின் பேரன் யோசியாவின் நாளில் ஒரு பதிப்பும் எருசலேம் விழுந்தபின் அதைத் திருத்திய மறுபதிப்பும் உண்டு என்றார். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. யோசியா சமாதானத்தோடே கல்லறையில் சேர்க்கப்படுவான் என்று தீர்க்கதரிசினி உல்தாள் சொல்கிறாள் (2 இராஜாக்கள் 22:20), அவனோ கி.மு. 609-இல் மெகிதோவில் கொல்லப்பட்டான். அவன் சாவுக்குப்பின் புதிதாக எழுத உட்கார்ந்தவர் அப்படி ஒரு வாக்கை எழுதியிருக்கமாட்டார்.

இந்த வரலாற்றின் அளவுகோல் உபாகமம் 12: வழிபாடு ஒரே இடத்தில், ஒரே கடவுளுக்கு. ஒவ்வோர் அரசனும் அந்தக் கோலால்தான் அளக்கப்படுகிறான். யூதாவில் ஆசா, யோசபாத், யோவாஸ், அமத்சியா, அசரியா, யோதாம் ஆகிய ஆறு பேருக்கும் நற்சான்று உண்டு. கூடவே ‘மேடைகளோ அகற்றப்படவில்லை’ என்ற குறையும் உண்டு; மேடைகள் என்பவை எருசலேம் ஆலயத்துக்கு வெளியே பலியிட்ட இடங்கள். எசேக்கியாவுக்கும் யோசியாவுக்கும் மட்டுமே அந்தக் குறை கிடையாது. வடக்கே, இஸ்ரவேல் நாட்டில், அரசன் ஒம்ரி சமாரியா மலையை 2 தாலந்து வெள்ளிக்கு வாங்கித் தலைநகர் கட்டினான். அவன் மறைந்து நெடுங்காலம் ஆனபின்னும் அசீரியர் அந்த நாட்டையே ‘ஒம்ரியின் வீடு’ என்றார்கள். அவனுக்கு 1 இராஜாக்கள் 16-இல் கிடைத்ததோ 6 வசனம்.

மனாசேயின் குற்றப்பத்திரிகை எப்படித் தயாரானது என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். 21:6-இல் அவன் செய்த பாவங்கள்: மகனைத் தீக்கடக்கப் பண்ணினான், நாள் பார்த்தான், நிமித்தம் பார்த்தான், அஞ்சனக்காரரையும் குறிசொல்லுகிறவர்களையும் வைத்தான். உபாகமம் 18:10-11-இல் விலக்கப்பட்ட செயல்களின் பட்டியல் உண்டு. எபிரேயத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இந்த ஐந்தும் அதே சொற்களில், அதே வரிசையில் நிற்கின்றன. அரண்மனையில் நடந்ததைக் கண்டு ஒருவர் எழுதி வைத்த குறிப்பு இப்படி அமையாது. சட்டப்பிரிவை எதிரே வைத்துக்கொண்டு எழுதிய குற்றச்சாட்டு இது.

அடுத்தது ஆகாப், ஒம்ரியின் மகன், வடநாட்டின் அரசன். பாகாலுக்குப் பலிபீடமும் அசேராவும் ‘ஆகாப் செய்ததுபோல’ என்று பெயர் சொல்லியே எழுதப்படுகிறது. அசேரா என்பது ஒரு தேவியின் பெயர், அவளுக்கு நட்ட கம்பத்தின் பெயரும் அதுவே. பழைய தமிழ் வேதாகமம் ‘விக்கிரகத்தோப்பு’ என்று பெயர்த்திருப்பதால் தமிழில் மட்டும் படிப்பவருக்கு மரத்தோப்புதான் கண்ணில் தெரியும், தேவி தெரியமாட்டாள். எமோரியரோடு ஒப்பிடும் பழியும் (21:11) ஆகாப்மேல் முன்பே சுமத்தப்பட்டதுதான் (1 இராஜாக்கள் 21:26). பிறகு தண்டனை: சமாரியாவை அளந்த நூலும் ஆகாப் வீட்டுக்குப் பிடித்த தூக்குநூலும் எருசலேமின்மேல் பிடிக்கப்படும், தாலத்தைத் துடைத்துக் கவிழ்ப்பதுபோல நகரம் துடைக்கப்படும். வடநாடு விழுந்த கதையின் அச்சில் தென்னாட்டின் கதையும் வார்க்கப்பட்டுவிட்டது.

ஏன் மனாசே? மறுபதிப்பைச் செய்தவருக்கு ஒரு நெருக்கடி இருந்தது. முதல் பதிப்பின் நாயகன் யோசியா. கி.மு. 622-இல் ஆலயத்தில் கிடைத்த நியாயப்பிரமாண நூலின்படி மேடைகளை இடித்தவன், தனக்கு முன்னும் பின்னும் இணையில்லாதவன் (23:25). அப்படிப்பட்டவன் ஆண்டு முடித்த 25 ஆண்டுக்குள் கி.மு. 586-இல் ஆலயமே எரிந்தது. உடன்படிக்கைக் கடவுள் நீதியுள்ளவர் என்றால் இது எப்படி? பாபிலோனின் தேவர்கள் வலியவர்கள் என்று ஒப்புக்கொள்ளலாம். கடவுள் வாக்குத் தவறினார் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. மிஞ்சியது ஒரே வழி: யோசியாவின் நற்செயலாலும் ஈடுகட்ட முடியாத கடன் ஒன்று முன்பே ஏறியிருக்க வேண்டும். அந்தக் கடனைச் சுமக்க 55 ஆண்டு ஆண்டவனைவிடப் பொருத்தமான ஆள் யார்? யோசியாவின் ஒப்பற்ற பக்தியைச் சொன்ன வசனத்துக்கு அடுத்த வசனமே, மனாசே மூட்டிய கோபம் தணியவில்லை என்கிறது. 24:3-லும் அதே தீர்ப்பு. எரேமியா 15:4-லும் அதே குரல்.

ஊரிழந்து நிற்கும் ஒரு சனத்துக்கு, நேர்ந்தது அர்த்தமற்ற அழிவல்ல என்று சொல்ல ஒருவர் பட்ட பாட்டை இதில் காணலாம். அந்த அக்கறை உண்மையானது. மனாசே அதற்குக் கொடுத்த விலையும் உண்மையானது.

இரண்டாம் தீர்ப்பு: நாளாகமம்

நாளாகமம் பாரசீகர் ஆட்சிக் காலத்தில், பெரும்பாலும் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. சிறையிருப்பிலிருந்து திரும்பி, அரசன் இல்லாமல் ஆலயத்தைச் சுற்றி வாழ்ந்த சிறு சமூகம் அதைப் படித்தது. ‘ஏன் அழிந்தோம்’ என்பது அவர்களுக்குப் பழைய கேள்வி. ‘பாட்டன் செய்ததற்கு நாங்கள் இன்னும் சுமக்கிறோமா, திரும்பிவர வழி உண்டா’ என்பதே அவர்களை உறுத்தியது.

நாளாகமக்காரரின் கணக்கு வேறு: ஒவ்வொரு தலைமுறையும் தன் பாவத்தைத் தன் காலத்திலேயே தீர்க்கும். இதை அவர் எல்லா அரசருக்கும் பொருத்துகிறார். உசியாவுக்குக் குஷ்டம் வந்ததற்கு இராஜாக்கள் நூல் காரணம் சொல்லவில்லை. நாளாகமத்தில் அவன் ஆலயத்துக்குள் தானே தூபங்காட்டப் போனதால் வந்தது. நல்லவனான யோசியா 39 வயதில் ஏன் செத்தான் என்பதற்கும் அங்கே விடை உண்டு: பார்வோன் நேகோவின் வாய்வழி வந்த கடவுளின் வார்த்தையைக் கேளாமற்போனான்.

இந்தக் கணக்கில் மனாசே ஒரு முள். அவ்வளவு பொல்லாதவன் 55 ஆண்டு எப்படி நிலைத்தான்? அதைத் தீர்க்க எடுத்த முடிவுகள் பல.

தொடக்கத்தில் குற்றத்தைக் குறைக்கவில்லை, கூட்டினார். ஒரு மகன் என்ற இடத்தில் பிள்ளைகள் என்று பன்மையாக்கி இன்னோம் பள்ளத்தாக்கையும் சேர்த்தார். பாகால்கள், அசேராக்கள் என்றும் பன்மை. 33:6-இல் ‘சூனியம் செய்தான்’ என்று ஒரு சொல் கூடுதலாக வருகிறது. அது நுழைந்திருப்பது நிமித்தம் பார்த்ததற்கு அடுத்தபடி. உபாகமம் 18-இல் அந்தச் சொல் இருக்கும் இடமும் அதுவே. அவரும் சட்டப் பட்டியலைத் திறந்து வைத்துச் சரிபார்த்திருக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டாம்.

பிறகு வெட்டினார். ஆகாபின் பெயர் போயிற்று. தூக்குநூலும் தாலமும் போயின. அந்த நீண்ட தீர்க்கதரிசனம் இருந்த இடத்தில், கர்த்தர் பேசினார், அவர்கள் கவனிக்கவில்லை என்ற ஒரே வரி. எருசலேமைக் குற்றமற்ற இரத்தத்தால் நிரப்பினான் என்ற வசனமும் இல்லை. அது இருந்தால் மன்னிப்பு செரிக்காது.

பிறகு ஒட்டினார்: 33:11 முதல் 17 வரை. அசீரியத் தளபதிகள் மனாசேயைப் பிடிக்கிறார்கள். இங்கே வரும் எபிரேயச் சொல்லுக்கு முள் என்றும் கொக்கி என்றும் பொருள் உண்டு. வெண்கலச் சங்கிலியில் கட்டிப் பாபிலோனுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அவன் தன்னைத் தாழ்த்துகிறான், ஜெபிக்கிறான், கடவுள் கேட்கிறார், எருசலேமுக்குத் திரும்புகிறான்.

தமிழ்ச் சபைகளில் பலருக்கு மனப்பாடமான 2 நாளாகமம் 7:14-ஐ இங்கே நினைக்க வேண்டும்: தங்களைத் தாழ்த்தி, ஜெபம்பண்ணி, என் முகத்தைத் தேடி, பொல்லாத வழிகளைவிட்டுத் திரும்பினால் நான் கேட்பேன். ஆலயப் பிரதிஷ்டைக்குப்பின் சாலொமோனுக்குச் சொன்ன இந்த வாக்கு இராஜாக்கள் நூலில் இல்லை, நாளாகமக்காரர் சேர்த்தது. 33:12-13-இல் தாழ்த்துதல், ஜெபம், கடவுளின் முகம், கேட்டருளுதல் எல்லாம் வருகின்றன. ‘திரும்பு’ என்ற வினையும் வருகிறது. ஆனால் எழுவாய் மாறியிருக்கிறது. கடவுள் அவனைத் திருப்பிக் கொண்டுவந்தார். பாபிலோனுக்குப் போய் மீண்டு வந்த சனத்தின் கதையை, மிகப் பெரிய பாவி என்று ஊரறிந்த ஒருவனின் உடம்பில் அவர் எழுதிவிட்டார். இவனுக்கே வழி திறந்தது என்றால் உங்களுக்கு மூடியிருக்குமா என்பது அதன் பொருள்.

எருசலேமின் அழிவு யார் கணக்கில் போகும்? 36-ஆம் அதிகாரத்தில் யூதாவின் கடைசி அரசன் சிதேக்கியாவும் ஆசாரியரும் சனமும் பொறுப்பாகிறார்கள். சிதேக்கியா எரேமியாவுக்கு முன் தன்னைத் தாழ்த்தவில்லை என்று அதே வினையால் எழுதுகிறார் (36:12).

தையல் தெரியும் இடங்கள்

ஒட்டிய துணி மூன்று இடங்களில் சுருங்குகிறது. முதலாவது, மனாசே அந்நிய தேவர்களையும் பலிபீடங்களையும் நகரத்துக்கு வெளியே எறிந்தான் என்கிறது 33:15. ஆனால் 2 இராஜாக்கள் 23:12-இல், ஆலயத்தின் இரண்டு பிராகாரங்களிலும் மனாசே கட்டிய பலிபீடங்களை இடித்தவன் யோசியா. நாளாகமக்காரர் யோசியாவின் கதையில் அந்த வரியைக் கவனமாக விட்டுவிட்டார். இரண்டாவது, 33:22-இல் மகன் ஆமோன் தகப்பன் செய்த விக்கிரகங்களுக்குப் பலியிடுகிறான்; எறியப்பட்டவை எப்படித் திரும்பி வந்தன? மூன்றாவது, அசீரியர் பிடித்தவனை நினிவேக்கு அல்லாமல் பாபிலோனுக்குக் கொண்டுபோவது.

இதை வைத்து மனாசேயின் சிறையிருப்பே கட்டுக்கதை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. பாபிலோன் அப்போது அசீரியர் கைக்குள் இருந்தது. கி.மு. 652 முதல் 648 வரை அங்கே அசூர்பனிபாலின் சகோதரன் பெருங்கலகம் செய்தான்; மனாசேமேலும் அப்போது சந்தேகம் விழுந்திருக்கலாம் என்று நினைப்போர் உண்டு. எகிப்தின் முதலாம் நேகோவை (யோசியா கதையில் வந்த நேகோவுக்கு முன்னவன்) அசீரியர் பிடித்துக்கொண்டுபோய் மறுபடி பதவியில் வைத்ததும் பதிவாகியுள்ளது. எருசலேமின் ஓபேல் மேட்டைச் சுற்றியும் மீன்வாசல்வரையும் மதில் கட்டினான் என்ற குறிப்பில் (33:14) பழைய தகவல் ஏதேனும் ஒட்டியிருக்கவும் கூடும். நடந்திருக்கக்கூடியது என்பது வேறு, நடந்ததற்குச் சான்று உண்டு என்பது வேறு. இந்த வழக்கில் முதலாவதுதான் நம் கையில் இருக்கிறது.

பின்விளைவு

இரண்டு தீர்ப்புகளும் ஒரே வேதத்துக்குள் நிலைத்தன. யாரும் ஒன்றை நீக்கவில்லை. அவன் என்ன சொல்லி ஜெபித்தான் என்ற ஆவல் மட்டும் வளர்ந்தது. சவக்கடல் ஓரக் குகைகளில் கிடைத்த கும்ரான் சுருள்களில் ஒன்றில், அசீரிய அரசன் அடைத்து வைத்தபோது மனாசே செய்த ஜெபம் என்ற தலைப்போடு ஒரு சிதைந்த பகுதி இருக்கிறது. அதற்குத் தொடர்பில்லாத ‘மனாசேயின் ஜெபம்’ என்ற கிரேக்கப் பாடல் 15 வசனங்களில் கிழக்குச் சபைகளின் வழிபாட்டில் இடம்பிடித்தது. லூத்தரின் 1534 வேதாகமமும் அதைத் தள்ளுபடியாகமப் (அப்போகிரிபா) பகுதியில் சேர்த்தது.

யூத மரபில் வழக்கு தீரவில்லை. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுத்த யூதச் சட்டநூலான மிஷ்னா, மறுமையில் பங்கில்லாத மூன்று அரசர்கள் யெரொபெயாம், ஆகாப், மனாசே என்கிறது. உடனே ரபி யூதா மறுக்கிறார்: மனாசேக்குப் பங்கு உண்டு. அவர் காட்டும் ஆதாரம் 2 நாளாகமம் 33:13. மற்றவர்கள் விடவில்லை: அவனை அவன் அரசாட்சிக்குத் திருப்பினார், மறுமைக்கு அல்ல என்றார்கள்.

இதைப் படிப்பிக்கும்போது மாற்ற வேண்டியவை

வழக்கமாக நடக்கும் முதல் தவறு, இரண்டு கதைகளையும் ஒட்டி ஒரே வாழ்க்கை வரலாறாகச் சொல்வது. ‘முதலில் பாவம், பிறகு மனந்திரும்புதல்’ என்று சொன்னவுடன் 23:12-இன் பலிபீடங்கள் கண்ணில் படாமல் போகும், இராஜாக்கள் நூலின் வாதமும் செத்துப்போகும். ஏனென்றால் அந்த வாதம் மனாசே திரும்பவில்லை என்பதன்மேல் நிற்கிறது. இரண்டாவது தவறு, இராஜாக்கள் நூலை வரலாறு என்றும் நாளாகமத்தைக் கற்பனை என்றும் பிரித்துவிடுவது. முதல் நூலும் சட்டப் பட்டியலைக் கொண்டு வார்த்ததே. மூன்றாவதாக, அசீரியப் பட்டயத்தை நடுநிலைச் சாட்சி என்று எண்ணுவது. கப்பம் கட்டுகிறவர் பட்டியலை அரசன் தன் புகழுக்காகவே வெட்டுவித்தான். பெயரும் காலமும் தேறும், தொனி தேறாது.

வேலை வரிசையையும் மாற்றலாம். முதலில் 2 இராஜாக்கள் 21:1-18-ஐயும் 2 நாளாகமம் 33:1-20-ஐயும் ஒரே தாளில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். பொதுவான சொல்லுக்கு ஒரு நிறம், விட்டதற்கு ஒன்று, சேர்த்ததற்கு ஒன்று. தமிழில் செய்தால் ஒரே எபிரேயச் சொல் இரண்டு நூலிலும் வெவ்வேறாகப் பெயர்க்கப்பட்டிருக்கலாம், அதனால் பொய்யான வேறுபாடு காட்டும்; எபிரேயச் சொல்லடைவு ஒன்றைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அதன்பின் 2 நாளாகமம் 7:14, 36:12, 2 இராஜாக்கள் 23:12, 23:26 ஆகியவற்றை ஓரத்தில் குறியுங்கள். அசீரியப் பட்டயங்களை அதற்கும் பிறகே எடுங்கள். அவற்றை முதலில் படித்தவர்கள், வேத நூல்களில் எது சரி என்று தேடத் தொடங்கி, ஏன் இப்படி எழுதினார்கள் என்ற கேள்வியை விட்டுவிடுகிறார்கள்.

மனாசேயின் கலகத்தையோ கைதையோ சொல்லும் அசீரிய ஏடு நாளை ஒன்று கிடைத்தால், 33:11 பற்றி மேலே சொன்னது திருத்தப்பட வேண்டும். 12, 13-ஆம் வசனங்களைப் பற்றிச் சொன்னது அப்போதும் மாறாது. அவற்றின் சொற்கள் 7:14-இலிருந்து வந்தவை, நினிவேயிலிருந்து அல்ல.